வாடகைக்கு விட்ட வீட்டில் ஓயாத தண்ணீர்க் கசிவு... பழுதுபார்ப்பதா, விற்றுவிடுவதா?

"கீழ் வீட்டுக்காரர் மறுபடியும் மெசேஜ் அனுப்பியிருக்காரு. உட்கூரையில தண்ணி சொட்டுதாம்."

சிங்கப்பூரில் பழைய வீவக வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பலருக்கு இப்படியொரு தகவல் எப்போதாவது வந்திருக்கும். முதல் தடவை ப்ளம்பரை அனுப்புகிறோம். இரண்டாவது தடவை வாடகைதாரரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். மூன்றாவது தடவை மனத்தில் ஒரு கேள்வி எழும்: "பேசாம வித்துட்டா என்ன?"

கோபத்தில் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். ஆனால் கசிவைச் சரிசெய்யச் சில வாரம் போதும். விற்ற வீட்டைத் திரும்ப வாங்குவது அவ்வளவு எளிதல்ல. ஆகவே முடிவெடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் கசிவது எது?

"பைப் லீக்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பிரச்சினை நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம். நான்குக்கும் செலவு வேறு, பொறுப்பு வேறு.

முதலாவது, குடிநீர் வரும் குழாய். பழைய புளோக்குகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் பயன்படுத்தப்பட்டன. பூச்சு தேய்ந்ததும் உள்ளே துரு பிடிக்கும். காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வருகிறதா, குளியலறையில் அழுத்தம் குறைந்துவிட்டதா? இரண்டும் துருவின் அறிகுறிகள். இந்தக் குழாயில் ஓர் இடத்தை ஒட்டினால் அடுத்த ஆண்டு இன்னோர் இடம் கசியும். ஒட்டுப் போட்டே ஓட்டிடலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் கூடுதலாகத்தான் செலவழிக்கிறார்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக் கழிவுநீரை வெளியேற்றும் கிளைக் குழாய். மூன்றாவது, எல்லா மாடிகளையும் ஊடுருவிச் செல்லும் செங்குத்தான பொதுக் கழிவுக் குழாய்.

நான்காவதுதான் ஆக அதிகம் தொல்லை தருவது. குளியலறைத் தரையின் ஓடுகளுக்கு அடியில் சிமெண்ட் பூச்சு இருக்கும். அதற்கும் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் படலம் ஒன்று இருக்கும். இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தப் படலம் தேய்ந்து கிழிந்துவிடலாம். அதன்பிறகு குழாய் எல்லாம் நன்றாக இருந்தாலும், வாடகைதாரர் குளிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் கீழ் வீட்டுக்கு இறங்கும்.

எது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாதபோதும் அது நகர்ந்தால், குடிநீர்க் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. நகரவில்லை, ஆனாலும் கீழ் வீட்டில் சொட்டுகிறது என்றால், சந்தேகம் தரைப் படலத்தின் மீதும் கழிவுக் குழாய் மீதும் திரும்பும். அப்போது சாயம் கலந்த தண்ணீரைத் தரையில் தேக்கிவைத்துச் சோதிப்பார்கள்.

வாடகைதாரரின் தண்ணீர்க் கட்டணமும் துப்புக் கொடுக்கும். மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்துவோருக்கு, 2025 ஏப்ரல் முதல் ஒரு கன மீட்டருக்குப் பொருள் சேவை வரி நீங்கலாக 3.24 வெள்ளி. குடும்பத்தில் ஆள் கூடாமல் கட்டணம் மட்டும் கூடினால் வாடகைதாரரைக் குறைசொல்வதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளைச் செய்யாமல் விற்கும் முடிவுக்குப் போகாதீர்கள். சில நூறு வெள்ளி வேலைக்குப் பயந்து பத்தாயிரக்கணக்கில் விலையைக் குறைத்து விற்றுவிட நேரலாம்.

யாரு காசு கட்டுறது?

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். மேல் வீட்டுத் தரையிலிருந்து கீழ் வீட்டு உட்கூரைக்குத் தண்ணீர் கசிந்தால், வீவக வீடுகளில் இரு வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும். "உங்க வீட்டுத் தண்ணிதானே, நீங்களே பார்த்துக்கோங்க" என்று கீழ் வீட்டுக்காரர் ஒதுங்க முடியாது. "எனக்கு ஒண்ணும் ஒழுகல" என்று மேல் வீட்டுக்காரரும் ஒதுங்க முடியாது.

தேய்மானத்தால் ஏற்படும் கசிவுக்கு வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் இருக்கிறது. செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மீதியை இருவரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீங்களாகவே ஒருவரை அமர்த்தி ஓடுகளைப் பெயர்க்கச் சொல்வதற்கு முன், கிளை அலுவலகத்தில் உங்கள் வீட்டுக்கு இந்த உதவி பொருந்துமா என்று கேளுங்கள். வேலையை முடித்துவிட்டு ரசீதுடன் போய் நின்றால் கதை வேறு.

மேல் வீட்டு உரிமையாளரோ வாடகைதாரரோ கதவைத் திறக்க மறுத்தால்? கசிவைச் சோதிக்கவும் சரிசெய்யவும் வீட்டுக்குள் செல்ல வீவகவுக்குச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. அந்த நிலைக்குப் போகாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. உங்கள் வாடகைதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவரும் குழாய் கசிந்தால் செலவு உங்களுடையது. பொதுக் கழிவுக் குழாய் என்றால் நகர மன்றத்தைத் தொடர்புகொள்ளுங்கள். நீங்கள் செய்த புதுப்பிப்பு வேலையால் வந்த கசிவு என்றால் அதைத் தேய்மானம் என்று சொல்லிப் பங்குபோட முடியாது.

கூட்டுரிமை வீடுகளில் விதி இன்னும் கடுமை. உட்கூரையில் கசிவு இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை, குறை மேல் வீட்டில்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். மேல் வீடு உங்களுடையது என்றால் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் உங்களுடையது.

நடுவில் மாட்டிக்கொள்பவர் வாடகைதாரர்

வீட்டு வாடகைக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டம் கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் பேசும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் சில்லறைப் பழுதுக்கு ஒரு வரம்பு இருக்கும். அது 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதுவரை வாடகைதாரர் பொறுப்பு. அதற்குமேல் போனால் உங்கள் பொறுப்பு. சுவருக்குள் போகும் குழாயும் தரைக்கு அடியில் இருக்கும் படலமும் வாடகைதாரர் தலையில் கட்டக்கூடியவை அல்ல. தேய்மானத்துக்காக அவருடைய முன்பணத்தில் கைவைப்பதும் சரியல்ல.

இரண்டு ஆண்டுக்கு மேற்போகாத வாடகை ஒப்பந்தம் தொடர்பான சச்சரவைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கலாம். வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி. குளியலறை இரண்டு மாதமாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தும் முழு வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால், அங்கு உங்கள் தரப்பைச் சொல்வது சிரமம்.

வேலை நடக்கும் வாரங்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைக் குறைக்க நீங்களே முன்வாருங்கள். நல்ல வாடகைதாரர் வெளியேறி வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் ஏற்படும் இழப்பைவிட அது குறைவு.

கொஞ்சம் காத்திருந்தால் அரசாங்கமே செய்யுமா?

சிலருக்கு இந்த வழி உண்டு. 1997ஆம் ஆண்டுக்குள் கட்டப்பட்ட வீவக வீடுகள் இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்குத் தகுதிபெறலாம். புளோக் தேர்வாகி, தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால் திட்டம் நடக்கும். கழிவுக் குழாய்களை மாற்றுவது, பெயர்ந்து விழும் கான்கிரீட்டைச் சரிசெய்வது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்கள் பணம் கட்ட வேண்டாம். குளியலறை மேம்பாடு விருப்ப வேலை. அதற்குக் குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை செலுத்தினால் போதும். நாலறை வீட்டுக்கு 7.5 விழுக்காடு.

உங்கள் புளோக் அறிவிக்கப்பட்டிருந்தால், தானாகக் குளியலறையை உடைத்துப் புதுப்பிப்பது வீண்செலவு. அதுவரை தாக்குப்பிடிக்கத் தேவையான வேலையை மட்டும் செய்யலாம். அறிவிப்பே வரவில்லை என்றால் அதை நம்பிக் கீழ் வீட்டுக்காரரைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஈரம் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தால், கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதன்பிறகு செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது உதாரணம்தான். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நாலறை வீடு. மாத வாடகை 2,800 வெள்ளி. ஆண்டுக்கு 33,600. இதில் எவ்வளவு உங்கள் கையில் நிற்கும்?

வீட்டின் ஆண்டு மதிப்பு 24,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கான சொத்து வரி 12 விழுக்காடு. அதாவது 2,880 வெள்ளி. நகர மன்றக் கட்டணம் 960. இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்றால் ஆண்டுக்கு 1,400. முகவர் கட்டணத்துக்கு இன்னொரு 1,400. சில்லறைப் பழுதுகளுக்கு 1,000. எல்லாம் போக 25,960 வெள்ளி மிஞ்சும். இது வருமான வரிக்கும் கடன் வட்டிக்கும் முன்னால்.

இரண்டு குளியலறைகளின் தரையையும் உடைத்துப் படலம் மாற்றி, குடிநீர்க் குழாய்களைப் புதிதாகப் போட 18,000 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை நடக்கும் ஒரு மாதம் வாடகை இல்லை. மொத்தம் 20,800. ஏறக்குறைய பத்து மாத நிகர வாடகை. கேட்டதும் நெஞ்சு திக்கென்று இருக்கும். ஆனால் அந்த வேலை பத்து ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 2,080 வெள்ளிதான்.

இப்போது விற்கும் பக்கம். சந்தை விலை 580,000 வெள்ளி. கசிவு தெரிந்த வீடு என்பதால் 25,000 குறைத்துக் கேட்கிறார்கள். மிச்சக் கடன் 100,000. முகவர் கட்டணம் 11,600. மத்திய சேம நிதிக்கு (மசேநி) வட்டியோடு திரும்பச் செலுத்த வேண்டியது 250,000. கையில் வரும் ரொக்கம் 193,400.

அரை மில்லியனுக்கு மேல் விற்றும் கைக்கு வருவது இவ்வளவுதானா என்று பலர் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான். வீடு வாங்க மசேநியிலிருந்து எடுத்த பணத்தையும், அது கணக்கிலேயே இருந்திருந்தால் 2.5 விழுக்காட்டில் சேர்ந்திருக்கும் வட்டியையும் விற்கும்போது திருப்பிச் செலுத்த வேண்டும். அது உங்கள் பணம்தான், உங்கள் கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் பையில் இருக்காது.

அந்த ரொக்கத்தை 3 விழுக்காடு தரும் இடத்தில் போட்டால் ஆண்டுக்கு சுமார் 5,800. மசேநிக்குத் திரும்பிய தொகை 2.5 விழுக்காட்டில் 6,250. மொத்தம் 12,050 வெள்ளி. வீட்டை வைத்திருந்தால், கடன் வட்டி 2,600 போக 23,360. வித்தியாசம் ஆண்டுக்கு 11,000 வெள்ளிக்குச் சற்று அதிகம்.

வெறும் கணக்கு "வைத்துக்கொள்" என்று சொல்கிறது. ஆனால் அந்த 11,000 வெள்ளியை இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புக்கும், ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் குத்தகைக் காலத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் கூலி அது. பழுதுபார்க்கும் செலவு 20,800 என்பதால், முதல் இரண்டு ஆண்டு அந்தக் கூலியும் கிடையாது. குறைந்தது நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

வரியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. செலவைக் கழிக்க இரு வழிகள். ரசீது எதுவும் காட்டாமல் மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாக எடுத்துக்கொண்டு, கடன் வட்டியைத் தனியே கழிக்கலாம். அல்லது உண்மையான செலவுகளைக் கணக்குக் காட்டலாம்.

மேலே சொன்ன உதாரணத்தில் 15 விழுக்காடு என்பது 5,040 வெள்ளி. பெரிய பழுதுபார்ப்பு நடந்த ஆண்டில் உண்மைச் செலவைக் காட்டுவதே லாபம். ஆனால் இருப்பதை இருந்தபடி சரிசெய்வது வேறு, மேம்படுத்துவது வேறு. துருப்பிடித்த குழாய்க்குப் பதில் குழாய் போட்டால் அது பழுதுபார்ப்பு. இல்லாத வசதியைச் சேர்த்தால் அது மேம்பாடு, கழிக்க முடியாது. முதல் வாடகைதாரர் வருவதற்கு முன்னர் செய்த ஆரம்பச் செலவும் சேராது. வாடகையைவிடச் செலவு அதிகமாகி நட்டம் வந்தால், அதை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கவும் முடியாது.

ரசீதுகளை ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள். கான்ட்ராக்டர் "ரசீது வேணாம்னா விலை குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால், குறையும் தொகையைவிட இழக்கும் வரிச் சலுகை பெரிதாக இருக்கலாம். உத்தரவாதமும் போய்விடும்.

வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் சொத்து வரி கட்ட வேண்டும். காலி வீட்டுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2014இலிருந்து கிடையாது.

விற்பது என்று முடிவெடுத்தால்...

வீவக வீட்டை முழுமையாக வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்றால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். அது பிரச்சினை இல்லை. தனியார் வீடு என்றால் வாங்கிய தேதியைப் பாருங்கள். 2025 ஜூலை 4ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பனையாளர் முத்திரை வரி உண்டு. முதல் ஆண்டில் 16 விழுக்காடு. பிறகு 12, 8, 4 என்று குறையும். அதற்கு முன்னர், 2017 மார்ச் 11இலிருந்து வாங்கியவற்றுக்கு மூன்று ஆண்டு, 12, 8, 4 விழுக்காடு. குழாய் கசிகிறது என்பதற்காக இந்த வரியைக் கட்டி விற்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து, வாடகைதாரர். மறுவிற்பனை முடியும் நாளில் வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் "டிப்ளமேட்டிக் கிளாஸ்" இருக்கிறதே, அதைச் சொல்லி வெளியேறச் சொல்லலாம் என்று சில உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பிரிவு பொதுவாக வாடகைதாரருக்குக் கொடுக்கப்படும் உரிமை. வேலை போய்விட்டால், நாடு திரும்ப நேர்ந்தால் அவர் முன்கூட்டியே வெளியேறலாம். உங்களுக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்தில் வேறு பிரிவு இல்லாவிட்டால், காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது பேசி, இழப்பீடு கொடுத்து, எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாரிடம் விற்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய உரிமையாளர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வீவகவின் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்கீழ் ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் இன வாரியான வரம்பு இருக்கிறது. சீனர்களுக்கு புளோக்கில் 87 விழுக்காடு, மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு 15. உங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியரான நீங்கள் சீன இனத்தவருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்கள் வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். விலையும் இறங்கும், காத்திருக்கும் காலமும் கூடும்.

இந்த வரம்புகள் ஒவ்வொரு மாதமும் மாறக்கூடியவை. வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நெடுங்காலமாக முயன்றும் விற்க முடியாமல் தவிப்பவர்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வீட்டை வாங்கிக்கொள்ளும்படி வீவகவிடமே கேட்கலாம். அது கடைசி வழி.

குத்தகைக் காலமும் வாங்குபவர் வட்டத்தைச் சுருக்கும். வீட்டின் மிச்சக் குத்தகை, வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயதாகும்வரை நீடித்தால்தான் மசேநிப் பணத்தை முழு வரம்புக்குப் பயன்படுத்தலாம். உங்கள் வீட்டுக்கு மிச்சம் 57 ஆண்டு என்றால், 38 வயதுக்குக் குறைவானவர்களுக்கு அந்த வரம்பு குறையும். இளம் தம்பதிகள் பார்த்துவிட்டுப் போய்விடுவதற்குக் காரணம் எப்போதும் குளியலறையின் ஈர வாடை அல்ல.

கசிவை மறைத்து விற்கலாமா? வீட்டைப் பார்க்க வரும் நாளுக்கு முன் உட்கூரைக்கு வெள்ளையடிப்பது புதிதல்ல. வாங்குபவர்கள் இப்போது கீழ் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லி விற்றது பின்னால் தெரியவந்தால் வழக்குக்கு வழி உண்டு. நடந்ததைச் சொல்லுங்கள், செய்த வேலைக்கு ஆதாரத்தைக் காட்டுங்கள்.

விற்றால் திரும்பி வர முடியுமா?

தனியார் வீட்டில் இருந்துகொண்டு பழைய வீவக வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்த வீட்டை விற்றபின் மீண்டும் ஒரு மறுவிற்பனை வீவக வீடு வேண்டும் என்றால், தனியார் வீட்டை விற்றுவிட்டுப் பொதுவாக 15 மாதம் காத்திருக்க வேண்டும். நாலறை அல்லது அதைவிடச் சிறிய மறுவிற்பனை வீட்டுக்கு மாறும் 55 வயதைக் கடந்தோருக்கு விலக்கு உண்டு. அதற்குப் பதில் இன்னொரு தனியார் வீட்டை வாடகைக்கு வாங்கிப்போடலாம் என்றால், இரண்டாவது வீட்டுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கே 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி.

ஆகவே வாடகை வருமானத்தை நம்பி ஓய்வுக்காலத்தைத் திட்டமிட்டிருப்பவர், ஒரு குளியலறைத் தரைக்காக அதைக் கைவிடுவது சரியாகப்படவில்லை.

விற்பதே மேல் என்று சொல்லக்கூடிய சூழல்களும் உண்டு. நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், இங்கே கவனிக்க ஆள் இல்லை. அல்லது அப்பா விட்டுச்சென்ற வீடு, அண்ணன் தம்பி மூவர் பெயரில் இருக்கிறது, ஒவ்வொரு ப்ளம்பர் ரசீதுக்கும் ஒரு சண்டை. அல்லது பழுதுபார்க்கக் கையில் ரொக்கம் இல்லை, கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும், எப்படியும் இரண்டு ஆண்டில் விற்கும் எண்ணம் இருக்கிறது. இவர்களுக்கு மேலே போட்ட கணக்கு பெரிய ஆறுதல் தராது.

மூன்றாவது வழியும் இருக்கிறது: சரிசெய்துவிட்டு விற்பது. உதாரணத்தில் கசிவுக்காகக் குறையும் விலை 25,000, பழுதுபார்க்க 20,800. மிச்சம் 4,200 வெள்ளி. அந்தத் தொகைக்காக இரண்டு மாதம் அலைய வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் வீவகவின் உதவித் திட்டம் கிடைத்து உங்கள் பங்கு குறைந்தால் வித்தியாசம் பெரிதாகும். அப்படிச் செய்வோர் அழகு வேலைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பழைய வீட்டை வாங்குவோர் பலரும் தங்கள் ரசனைக்குக் குளியலறையை மாற்றிக்கொள்கிறார்கள். நீங்கள் ஆசையாகப் பதித்த இத்தாலிய ஓடு குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். கசிவு நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையைக் கொடுக்கும்போது

நீர்க்குழாய்களை மாற்றும் வேலையைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற ப்ளம்பர்தான் செய்ய வேண்டும். வெறும் குழாய்த் திருகை மாற்ற அது தேவையில்லை. வீவக வீட்டின் குளியலறைத் தரையை உடைக்க அனுமதி வேண்டும். கழகத்திடம் பதிவுசெய்த கான்ட்ராக்டராகவும் இருக்க வேண்டும். உடைக்கும் சத்தம் வரும் வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. "ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன், சனி ஞாயிறு வர்றேன்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஓடு பெயர்ப்பது, படலம், சிமெண்ட் பூச்சு, குழாய், குப்பை அகற்றுவது என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ஓடுகளுக்கு மேலேயே புது ஓடு ஒட்டுவதாகச் சொன்னால் விலை பாதியாக இருக்கும். ஆனால் அடியில் கிழிந்த படலம் கிழிந்தபடியேதான் இருக்கும்.

புதுப் படலம் போட்டதும், ஓடு பதிக்கும் முன், தரையில் ஒரு நாள் தண்ணீரைத் தேக்கிவைக்கச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய உட்கூரையையும் அதே நாளில் பாருங்கள். இரண்டையும் தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

வீட்டுக் காப்புறுதி இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். திடீரென்று குழாய் வெடித்து ஏற்படும் சேதத்தைச் சில திட்டங்கள் ஏற்கும். படிப்படியான தேய்மானத்தைப் பெரும்பாலானவை ஏற்பதில்லை. கீழ் வீட்டில் அலமாரியோ மின்விளக்கோ பாழாகியிருந்தால், உங்கள் திட்டத்தில் மூன்றாம் தரப்பு இழப்புக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோரிக்கை வைப்பதற்கான கால வரம்பு குறுகியதாக இருக்கலாம். ஆகவே கீழ் வீட்டிலிருந்து முதல் மெசேஜ் வந்த அன்றே காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.